கோயமுத்தூரில் இருந்து பிளேனில் போக எத்தனை நேரமாகும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பூரில் டிக்கெட் போட்டுக் கொடுக்கிற வேலை என்னுடையது. பனியன் கம்பெனிக்காரர்கள், சிங்கப்பூரில் மகன் இருக்கிற பெரியவர்கள், முதல் தடவையாக பிளேன் ஏறுகிறவர்கள் என்று யார் வந்தாலும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். அவர்கள் கேட்ட வாய்மொழியிலேயே கேள்வியைப் போட்டு, பதிலைக் கீழே எழுதிவிட்டேன். கால அட்டவணை அவ்வப்போது மாறும், அதனால் நிமிடக் கணக்கை டிக்கெட்டில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏனுங்க, கோயமுத்தூருக்கும் சென்னைக்கும் எவ்வளவு தூரமுங்க? ஆளுக்கொரு கணக்குச் சொல்றாங்க.

ஆளுக்கொரு கணக்கும் சரிதான். பீளமேடு விமான நிலையத்தில் இருந்து மீனம்பாக்கத்துக்கு வானத்தில் நேர்கோடு போட்டால் சுமார் 404 கி.மீ. ரயிலில் ஈரோடு, சேலம், ஜோலார்பேட்டை, காட்பாடி, அரக்கோணம் என்று போவதால் 500 கி.மீ.க்குக் கொஞ்சம் குறைவு. காரில் போனால் 500ஐத் தொட்டுவிடும், சேலத்துக்கு அப்புறம் கிருஷ்ணகிரி, வேலூர் வழியாகப் போகிறீர்களா உளுந்தூர்பேட்டை வழியாகப் போகிறீர்களா என்பதைப் பொறுத்துச் சில கிலோமீட்டர் முன்னே பின்னே வரும்.

நூறு கி.மீ. வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்றால் நடுவில் இருக்கிற மலைகள்தான். வரைபடத்தில் அளவுகோல் வைத்துப் பாருங்கள், அந்த நேர்கோடு அவினாசி, பவானி மேலாகப் போய், நேராக ஏற்காடு மேலேயே ஏறி, அரூர்ப் பக்கம் கடந்து, திருவண்ணாமலையை ஒட்டிக்கொண்டு போகும். சேர்வராயன், கல்வராயன், ஜவ்வாது என்று வரிசையாக மலை. தண்டவாளமும் ரோடும் அதைச் சுற்றித்தான் போயாக வேண்டும்.

சரிங்க, பிளேன்ல எத்தன நேரமாகும்?

டிக்கெட்டில் ஒரு மணி ஐந்து நிமிடத்தில் இருந்து ஒரு மணி இருபது நிமிடம் வரைக்கும் போட்டிருக்கும். அதில் சக்கரம் தரையை விட்டு எழும்பி மறுபடி தரையைத் தொடுகிற நேரம் ஐம்பது நிமிடம் போல. மிச்சம் எல்லாம் தரையிலேயே போகிறது.

விமானக் கம்பெனிகள் நேரத்தை எண்ண ஆரம்பிப்பது விமானம் நின்ற இடத்தில் இருந்து நகர்கிறபோது, முடிப்பது அந்த ஊரில் போய் ஓரமாக நிறுத்துகிறபோது. ஓடுபாதைக்குப் போவது, வரிசையில் நிற்பது, இறங்கியபின் ஊர்ந்து வருவது எல்லாம் அந்தக் கணக்கில் சேர்த்தி. கூடவே, தாமதமானாலும் சொன்ன நேரத்துக்கு வந்த மாதிரி இருக்கட்டும் என்று பத்து நிமிடம் சேர்த்தே போடுவார்கள். "பத்து நிமிஷம் முன்னாடியே வந்துட்டோம்" என்று அறிவிப்புக் கேட்டால் ரொம்ப மகிழ வேண்டாம்.

404 கிலோமீட்டர்தானே? 800 வேகத்துல போற பிளேனுக்கு அரை மணி நேரம் போதுமே?

800, 830 என்பதெல்லாம் முழு உயரத்துக்கு ஏறினபிறகு போகிற வேகம். சென்னைப் பயணத்தில் அந்த வேகத்தில் போகிற தூரமே கொஞ்சம்தான். பத்து கி.மீ. உயரத்துக்கு மேல் பறக்கிற விமானம் இறங்க ஆரம்பிக்க வேண்டியது ஊர் வருவதற்கு 180, 200 கி.மீ. முன்னாலேயே. ஏறுவதற்கும் கிட்டத்தட்ட அதே அளவு ஆகிவிடும். இரண்டையும் 404இல் கழித்துப் பாருங்கள், நடுவில் என்ன மிஞ்சுகிறது? அதனால்தான் சில நாள் தண்ணீர் பாட்டில் கொடுத்து முடிப்பதற்குள் "சீட் பெல்ட் போடுங்க" என்று விளக்கு எரிந்துவிடுகிறது.

பத்தாயிரம் அடிக்குக் கீழே வந்துவிட்டால் வேகத்துக்கும் வரம்பு உண்டு, பொதுவாக மணிக்கு 250 நாட், அதாவது 460 கி.மீ. போல. சென்னையில் இரண்டு ஓடுபாதைகள் இருந்தாலும் அவை ஒன்றையொன்று குறுக்கே வெட்டிக்கொள்கிறவை, ஒரே நேரத்தில் இரண்டையும் தாராளமாகப் பயன்படுத்த முடியாது. கூட்ட நேரத்தில் வட்டமடிக்க விட்டால் இன்னும் பத்து நிமிடம் போச்சு.

ஆகவே தூரம் பாதியானால் நேரம் பாதியாகாது. திருப்பூர் பழைய பஸ் ஸ்டாண்டை விட்டு வெளியே வரவே பஸ்ஸுக்குப் பத்து நிமிடம் ஆகும், அது அவினாசிக்குப் போனாலும் மதுரைக்குப் போனாலும் அதே பத்து நிமிடம்தான் இல்லையா, அந்த மாதிரி.

ஒரு எடத்துல 251னு போட்டிருக்கு, இன்னொரு எடத்துல 218னு போட்டிருக்கு. நீங்க 404ங்கறீங்க?

மூன்றும் ஒரே தூரம். 404 கிலோமீட்டர், 251 சாதா மைல், 218 கடல் மைல். கப்பலிலும் விமானத்திலும் கடல் மைல்தான் கணக்கு, ஒரு கடல் மைல் 1.852 கி.மீ. பார்க்கிற எண்ணுக்குப் பக்கத்தில் என்ன அலகு என்று பார்த்துவிட்டால் குழப்பம் தீர்ந்தது.

நாங்க ஈரோடுங்ணா. சென்னைக்கு பிளேன் நல்லதா, வந்தே பாரத் நல்லதா?

ஈரோடு என்றால் ரயில். யோசிக்கவே வேண்டாம்.

கணக்கைப் பாருங்கள். ஈரோட்டில் இருந்து பீளமேடு 90 கி.மீ. சொச்சம், கார் எடுத்தால் ஒன்றேமுக்கால் மணி நேரம். ஒன்றரை மணி நேரம் முன்னால் அங்கே இருக்க வேண்டும். பயணம் ஒன்றேகால் மணி. சென்னையில் இறங்கி, பெட்டி வந்து, வெளியே வர அரை மணி. மெட்ரோ பிடித்து சென்ட்ரல் பக்கம் போக முக்கால் மணி. கூட்டினால் ஐந்தே முக்கால் மணி நேரம் ஆகிறது. காலையில் கோவையில் கிளம்பும் வந்தே பாரத்தில் ஈரோட்டில் ஏறினால் சென்ட்ரலில் இறங்க நாலரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. அது 2023 ஏப்ரலில் ஓட ஆரம்பித்ததில் இருந்து ஈரோட்டுக்காரர்கள் என்னிடம் சென்னைக்கு விமான டிக்கெட் கேட்பது நன்றாகவே குறைந்துவிட்டது, எனக்கு அதில் கமிஷன் போச்சு, அது வேறு விஷயம்.

திருப்பூர்க்காரர்களுக்கு இது சமமாக வரும், இரண்டுமே ஐந்து மணி நேரம் போலத்தான். அப்போது போகிற இடத்தைப் பாருங்கள். வேலை கிண்டி, தாம்பரம், பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் என்றால் பிளேன். பாரிமுனை, சவுகார்பேட்டை, எழும்பூர் என்றால் ரயில். கோயமுத்தூருக்குள்ளேயே, அதுவும் பீளமேடு, சரவணம்பட்டிப் பக்கம் இருப்பவர்களுக்கு பிளேன் ஒரு மணி நேரத்துக்கு மேல் மிச்சம் பண்ணும். இதில் எதிலும் சேராத ஒன்று, ராத்திரி சேரன் எக்ஸ்பிரசிலோ நீலகிரி எக்ஸ்பிரசிலோ தூங்கிக்கொண்டே போவது. எத்தனை மணி நேரம் ஆனாலும் அது உங்கள் பகலைத் தொடாது. காலை பத்து மணிக்கு வேலை என்றால் நான் அதைத்தான் போட்டுக் கொடுப்பேன்.

ஏர்போர்ட்டுக்கு எத்தன மணிக்கு வந்து சேரோணும்?

உள்நாட்டுக்கு ஒன்றரை மணியில் இருந்து இரண்டு மணி நேரம் முன்னால், வெளிநாட்டுக்கு மூன்று மணி நேரம் முன்னால். பெட்டி போடுகிற கவுன்டரை உள்நாட்டு விமானத்துக்குப் பெரும்பாலும் 60 நிமிடம் முன்னால் மூடிவிடுவார்கள், ஏறுகிற கேட் 25 நிமிடம் முன்னால் மூடும். விமானம் இன்னும் நிற்கிறதே, கண்ணாடி வழியாகத் தெரிகிறதே என்று கெஞ்சினாலும் நடக்காது.

கோவை நகருக்குள் இருந்து வருகிறவர்களுக்கு உப்பிலிபாளையத்தில் இருந்து கோல்டுவின்ஸ் வரைக்கும் மேம்பாலம் வந்தபிறகு அவினாசி ரோடு பயம் குறைந்துவிட்டது. திருப்பூர், ஈரோட்டில் இருந்து நீலாம்பூர்ப் பக்கமாக வருகிறவர்களுக்கு அந்தப் பாலத்தால் ஒன்றும் ஆகப்போவதில்லை.

பையன் சிங்கப்பூர்ல இருக்கான். டிக்கெட்டப் பார்த்தா போறதுக்கு ஏழு மணி நேரம், வர்றதுக்கு ரெண்டே மணி நேரம்னு வருது. அது எப்படிங்க?

டிக்கெட்டில் கிளம்புகிற நேரம் கிளம்புகிற ஊர்க் கடிகாரப்படி, சேருகிற நேரம் சேருகிற ஊர்க் கடிகாரப்படி இருக்கும். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். உதாரணத்துக்கு இங்கே இரவு 12.30க்குக் கிளம்பி அங்கே காலை 7.20க்குச் சேர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கழித்தால் ஆறு மணி ஐம்பது நிமிடம். அதில் இரண்டரையைத் தள்ளினால் நாலு மணி இருபது நிமிடம், அதுதான் நிஜமாக உட்கார்ந்திருக்கிற நேரம். திரும்பும்போது அங்கே இரவு 9 மணிக்குக் கிளம்பி இங்கே 11 மணிக்கு இறங்கினால், இரண்டோடு இரண்டரையைச் சேர்த்து நாலரை மணி நேரம்.

தூரம் 3,160 கி.மீ. போல, நேரடி விமானம் உண்டு. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: இரவு 12.30 என்றால் தேதி மாறியிருக்கும். 15ஆம் தேதி 00.30 என்று டிக்கெட்டில் இருந்தால் 14ஆம் தேதி ராத்திரி ஒன்பதரைக்கே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். 15ஆம் தேதி ராத்திரி பெட்டியோடு போய் நின்றால் விமானம் முந்தின ராத்திரியே போயிருக்கும். பெரியவர்களுக்கு டிக்கெட் கொடுக்கும்போது நான் கிழமையைத் தமிழில் பேனாவால் எழுதி, "திங்கக்கிழமை ராத்திரி சாப்பிட்டுட்டுக் கிளம்புங்க" என்றுதான் சொல்லி அனுப்புவேன்.

ஷார்ஜாவுக்கு?

சுமார் 2,770 கி.மீ., ஏறக்குறைய நாலு மணி நேரம். அங்கே நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால். மேலே சொன்ன சிங்கப்பூர்க் கணக்கையே திருப்பிப் போடுங்கள்: போகும்போது டிக்கெட்டில் குறைவாகத் தெரியும், வரும்போது கூடுதலாகத் தெரியும்.

கடிகாரத்த விடுங்க, நெசமாவே போறதுக்கும் வர்றதுக்கும் நிமிஷம் வித்தியாசப்படுதே. காத்துனாலயா?

ஆமாம், ஆனால் நாம் நினைக்கிற காற்று இல்லை. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கே இருந்து வந்து நம் ஊரில் தகரத்தைத் தூக்கிக்கொண்டு போகிற காற்று தரையோடு அடிக்கிறது. அதே மாதங்களில் அதற்கு மிக உயரே, 14, 15 கி.மீ. பக்கம், தென்னிந்தியாவுக்கு மேலே காற்று நேர் எதிராக, கிழக்கில் இருந்து மேற்காகப் பலமாக ஓடும். வெப்பமண்டலக் கிழக்கு ஜெட் காற்று என்பார்கள், 1950களில் இதை முதலில் விளக்கியவர்களில் நம் நாட்டு வானிலை அறிஞர் கோடேஸ்வரம் முக்கியமானவர். விமானம் அதற்குக் கொஞ்சம் கீழே பறந்தாலும் அதன் வேகம் படும். அதனால் கீழே மேற்குக் காற்று அடிக்கிற ஆடி மாதத்தில், மேலே சிங்கப்பூர் போகிற விமானத்துக்கு எதிர்க்காற்று, வருகிற விமானத்துக்குப் பின்காற்று.

மணிக்கு 830 கி.மீ. போகிற விமானத்துக்கு 60 கி.மீ. எதிர்க்காற்று இருந்தால் சிங்கப்பூருக்குப் பதினெட்டு நிமிடம் போலக் கூடும். சென்னைக்கு இது ஒரு பொருட்டே இல்லை.

தரைக்காற்றுக்கும் ஒரு வேலை இருக்கிறது. விமானம் எதிர்க்காற்றில்தான் ஏறும், எதிர்க்காற்றில்தான் இறங்கும். நம் ஓடுபாதை தென்மேற்குக்கும் வடகிழக்குக்குமாகப் போட்டது. கணவாய்க் காற்று அடிக்கிற மாதங்களில் சென்னை விமானம்கூட முதலில் பாலக்காட்டுப் பக்கம் பார்த்து ஏறி, அப்புறம் திரும்பித்தான் கிழக்கே போகும். "டிரைவர் வழி மாறிட்டாரா" என்று கேட்க வேண்டாம்.

பூமி கெழக்க பாத்து சுத்துதல்லோ, அப்ப மேக்க போற பிளேனுக்குத் தூரம் தானா வந்து சேரோணுமே?

பூமியோடு காற்றும் சேர்ந்துதான் சுற்றுகிறது, விமானம் அந்தக் காற்றுக்குள்தான் பறக்கிறது. தனியாக லாபமும் இல்லை நட்டமும் இல்லை. முந்தின பதிலில் சொன்ன உயரக் காற்றுதான் எல்லாம்.

டில்லி, பம்பாய் எல்லாம் எத்தன நேரம்?

டில்லி சுமார் 1,950 கி.மீ., மூன்று மணி நேரத்துக்குக் கிட்ட. வரைபடத்தைப் பார்த்தால் டில்லி நமக்கு வடமேற்கே எங்கேயோ இருக்கிற மாதிரித் தோன்றும், ஆனால் பீளமேடும் டில்லி விமான நிலையமும் ஏறக்குறைய ஒரே தீர்க்கரேகையில், 77 பாகையில் இருக்கின்றன. அச்சு அசலாக நேர் வடக்கு. அட்சரேகை வித்தியாசம் பதினேழரை பாகை, பாகைக்கு 111 கி.மீ. என்று பெருக்கினாலே தூரம் வந்துவிடும்.

மும்பை ஆயிரம் கி.மீ., இரண்டு மணிக்குள். ஹைதராபாத் 700, ஒன்றரை மணிக்குப் பக்கம்.

பெங்களூருக்கு பிளேன்ல போறது வேலைக்காகுமா?

பெரும்பாலும் ஆகாது. வானத்தில் 250 கி.மீ.தான், ஒரு மணி நேரம்தான், எல்லாம் சரி. ஆனால் இறங்குவது ஊருக்கு வடக்கே தேவனஹள்ளியில். அங்கிருந்து எலக்ட்ரானிக் சிட்டிக்குப் போக விமானத்தில் வந்ததைவிடக் கூடுதல் நேரமாகும், அதுவும் எந்தத் திசையில் இருந்து வந்தீர்களோ அந்தத் திசையிலேயே திரும்பிப் போக வேண்டும். ரோட்டில் சேலம், ஓசூர் வழியாக 360 கி.மீ., எலக்ட்ரானிக் சிட்டி ஓசூரை விட்டதும் வந்துவிடும். வந்தே பாரத் ஆறரை மணி நேரம் போல. சத்தியமங்கலத்துக்காரர்கள் திம்பம் ஏறிப் போவார்கள், 27 கொண்டை ஊசி வளைவு, இரவில் தடை உண்டு, அதைக் கணக்கில் வையுங்கள்.

பெங்களூரில் இருந்து வேறு விமானம் மாறி வெளிநாடு போவதாக இருந்தால் கதை வேறு, அப்போது பிளேனிலேயே போய்விடுங்கள்.

சேலத்துலயே ஏர்போர்ட் இருக்குதே, அங்கிருந்து போனா?

ஓமலூர்ப் பக்கம் காமலாபுரத்தில் இருக்கிறது. சென்னைக்கு நேர்கோட்டில் 265 கி.மீ.தான், ஆனாலும் ஒரு மணி நேரம் ஆகும். அங்கே வருவது விசிறி வைத்த ஏடிஆர் விமானம், வேகம் மணிக்கு 500 கி.மீ. போல. 404 கி.மீ.க்கு ஒன்றேகால், 265க்கு ஒரு மணி என்று எப்படி வருகிறது என்பதற்கு மூன்றாவது கேள்வியின் பதிலோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மேட்டூர், தர்மபுரிக்காரர்களுக்கு வசதி. நாமக்கல்லில் இருந்து இதற்காகப் போவது எனக்குச் சரியாகப் படவில்லை.

நாங்க பொள்ளாச்சி. துபாய்க்கு கொச்சி போய் ஏறலாமா?

ஏறலாம், நிறையப் பேர் அதைத்தான் செய்கிறார்கள். நெடும்பாசேரியில் இருந்து வளைகுடாவுக்கு விமானங்கள் அதிகம், விலையும் பல நாள் குறைவு. குதிரான் சுரங்கம் திறந்தபிறகு பாலக்காடு, திருச்சூர் ரோடு முன்னை மாதிரி இல்லை, கோவையில் இருந்தே 160 கி.மீ. சொச்சம்தான். மூன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள், மழைக்காலத்தில் நாலரை. டிக்கெட்டில் மிச்சமாகும் பணத்தில் டாக்சி வாடகையைக் கழித்துவிட்டுப் பாருங்கள். தனி ஆளாகப் போனால் பெரும்பாலும் மிச்சம் ஒன்றும் நிற்காது. குடும்பத்தோடு போனால் நிற்கும்.

சென்னைல பிளேன் மாறி லண்டன் போறேன். அது கெழக்க போய்ட்டு மேக்க திரும்பறது தானே, வீண் தூரம் இல்லீங்களா?

வீண் மாதிரித் தெரியும், கணக்குப் போட்டால் அவ்வளவு இல்லை. கோவையில் இருந்து லண்டனுக்கு நேர்கோடு 8,190 கி.மீ. போல, நேரடி விமானம் கிடையாது. சென்னை வழியாகப் போனால் மொத்தம் 8,640. டில்லி வழியாகப் போனால் 8,680. சென்னை சுற்று என்று நினைத்தது டில்லியைவிடக் கொஞ்சம் கம்மிதான், பூமி உருண்டை என்பதால் இப்படி. 450, 500 கி.மீ. என்பது முக்கால் மணி நேரத்துக்கும் குறைவான வித்தியாசம்.

உங்கள் நேரத்தைத் தின்பது நடுவில் காத்திருக்கிற நேரம். அதனால் தேடும்போது தூரத்தைப் பார்க்காதீர்கள், மொத்தப் பயண நேரத்தைப் பாருங்கள்.

அப்ப நடுவுல எத்தன நேரம் விடோணும்? ரெண்டு மணி நேரம் போதுமா?

இரண்டு பயணமும் ஒரே டிக்கெட்டாக, ஒரே பிஎன்ஆரில் இருந்தால் அவர்கள் விற்கிற இடைவெளியை நம்பலாம். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால் அடுத்ததில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பு. பெட்டியும் பெரும்பாலும் நேராகக் கடைசி ஊருக்கே போய்விடும், கோவை கவுன்டரில் ஒட்டுகிற சீட்டில் எந்த ஊர் போட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டு நகருங்கள்.

தனித்தனியாக இரண்டு டிக்கெட் வாங்கியிருந்தால் அந்தப் பாதுகாப்பு எதுவும் கிடையாது. பெட்டியை எடுத்து, வெளியே வந்து, பன்னாட்டு முனையத்துக்குப் போய், மறுபடி முதலில் இருந்து வரிசை. சென்னையில் ஐந்து மணி நேரத்துக்குக் குறைவாக நான் போட்டுக் கொடுக்க மாட்டேன், மார்கழி, தை மாதப் பனியில் காலை முதல் விமானத்தை நம்பியும் போட மாட்டேன், முந்தின நாள் ராத்திரி விமானம் இல்லையென்றால் ரயில். நீங்களாகவே மூன்று மணி நேரம் வைத்து வாங்கிவிட்டு வந்து கேட்டால், கையில் தூக்குகிற பை மட்டும் கொண்டு போங்கள், கோவையிலேயே இரண்டாவது விமானத்துக்கும் போனில் செக்-இன் பண்ணி வைத்துக்கொள்ளுங்கள் என்பதைத் தவிர எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.